பார்வை போன பின்னும் வரைந்தவர்

ஓவியத்திலும், பிரிண்ட்மேக்கிங் எனப்படும் அச்சு ஓவியத்திலும் பட்ட மேற்படிப்பு உண்டு என்று சொன்னால், அதைப் படித்து என்ன செய்வது என்றுதான் நம் வீடுகளில் முதலில் கேட்போம். பி.எஸ்ஸி. படித்து அரசாங்க உத்தியோகம் பார்த்த எனக்கு, அந்தக் கேள்விக்கு நல்ல பதிலாகத் தோன்றுவது பினோத் பிஹாரி முகர்ஜியின் வாழ்க்கை.

கல்கத்தாவை அடுத்த பெஹாலாவில் 1904 பிப்ரவரி 7 அன்று பிறந்தார். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றதில் கடுமையான கிட்டப்பார்வை. மற்றப் பிள்ளைகளைப் போல் பள்ளி செல்ல இயலாமல் 1917-ல் சாந்திநிகேதன் வந்து சேர்ந்தார். 1919-ல் கலாபவனம் தொடங்கியபோது அதன் முதல் மாணவர்களில் ஒருவரானார். இந்தக் கண்ணோடு ஓவியம் கற்க முடியுமா என்று ஆசிரியர் நந்தலால் போஸுக்கே தயக்கம். பையனுக்கு ஈடுபாடு இருக்கும்போது தடுக்க வேண்டாம் என்று தீர்த்து வைத்தவர் ரவீந்திரநாத் தாகூர்.

1920-களின் தொடக்கத்தில் ஆந்த்ரே கார்ப்பெலஸ் என்ற பிரெஞ்சுப் பெண்மணி அங்கே மர அச்சு கற்பித்தார். இதில் வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடங்களைப் பலகையில் செதுக்கி எடுத்துவிட வேண்டும். மிஞ்சும் மேடுதான் மையை ஏந்தும். தாளில் படம் இடம் வலமாக மாறிப் பதியும். ஆகவே, பதியப்போகும் படத்தை முன்கூட்டியே மனத்தில் காண வேண்டும். இப்பயிற்சியில் தேர்ந்த பினோத் பிஹாரி 1925-ல் கலாபவனத்திலேயே ஆசிரியரானார். சத்யஜித் ராய் இவரிடம் பயின்றவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் சிறை சென்று, 1944-ல் சாந்திநிகேதன் வந்த நம்மவர் கே.ஜி. சுப்ரமணியனும் இவருடைய மாணவரே.

1947-ல் அங்குள்ள ஹிந்தி பவனத்தின் மூன்று சுவர்களில் மத்திய கால மகான்களை வரைந்து முடித்தார். நம் ஸ்ரீராமானுஜர், கபீர், சூர்தாஸ், துளசிதாஸ் எல்லோரும் அதில் உண்டு. ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் வரையும் முறை அது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக இறுகும்போது வர்ணமும் சுவரோடு ஒன்றிவிடும். பூச்சு காய்வதற்குள் முடித்தாக வேண்டும். பின்னர் அழித்துத் திருத்த வழியில்லை. அத்தனை பெரிய சுவரில், முழு அளவு மாதிரிப் படம் இல்லாமலே நேரடியாக வரைந்தார் அந்த ஒற்றைக்கண் ஓவியர்.

1956-57-ல் செய்த கண்புரை அறுவை சிகிச்சை பலிக்கவில்லை. இருந்த பார்வையும் அடியோடு போயிற்று. அப்போது வயது ஐம்பதுக்கு மேல். பிறவிக் குருடராகப் போற்றப்படும் சூர்தாஸரை வரைந்தவருக்குப் பத்தாண்டுக்குள் அந்த இருள் வந்தது.

ஆனால் அவர் ஓயவில்லை. 1958-ல் கலாபவனம் திரும்பிக் கலை வரலாறு கற்பித்தார். விரலின் உணர்வால் மெழுகில் உருவங்கள் செய்தார். வர்ணத் தாள்களை வெட்டி ஒட்டினார். கல் அச்சுப் படங்களும் வரைந்தார். 1972-ல் கலாபவனச் சுவரில் ஓடுகள் பதித்த பெரிய சித்திரம் ஒன்றையும் உருவாக்கினார். அதே ஆண்டு சத்யஜித் ராய் தம் குருவைப் பற்றி 'தி இன்னர் ஐ' என்ற ஆவணப்படம் எடுத்தார். 1974-ல் பத்மவிபூஷண் விருது கிடைத்தது. 1980 நவம்பர் 11 அன்று காலமானார்.

இவர் மகள் மிருணாளினி, பரோடா பல்கலைக்கழகத்தில் சுப்ரமணியனிடம் பயின்று புகழ்பெற்ற சிற்பியானார். தந்தை மாணவருக்குக் கொடுத்தது மகளுக்கே திரும்பி வந்தது.

இன்று விஸ்வபாரதியின் கலாபவனத்தில் ஓவியம், அச்சு ஓவியம் இரண்டிலும் முதுநிலைப் பட்டம் பெறலாம். நம் பேரன் பேத்திகளில் யாராவது இதைப் படிக்க விரும்பினால், சம்பளம் எவ்வளவு வரும் என்பதை இரண்டாவதாகக் கேட்போம். ஈடுபாடு நிலையானதா என்பதே தாகூர் பார்த்தது. நாமும் முதலில் அதையே பார்க்கலாம்.