நாகசுரச் சக்கரவர்த்தி

ஓவியன் தீட்டிய ஓவியம் சுவரில் நிலைத்து நிற்கும். சிற்பி வடித்த சிலை பல நூற்றாண்டுகள் அழியாதிருக்கும். இசைவாணன் எழுப்பும் இன்னொலியோ எழுந்த கணத்திலேயே காற்றோடு கலந்து மறைந்துவிடும். பண்டைப் பாணர் யாழ் மீட்டிய திறத்தை நாம் நூல்களால் அறிவோமேயன்றிச் செவியால் அறியோம். 1877-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் எடிசன் ஒலியைப் பதிவு செய்யும் பொறியைக் கண்டுபிடித்தார். அதன்பின் இக்குறை சிறிது சிறிதாக நீங்கலாயிற்று. அவ்வாறு இசைத்தட்டின் வாயிலாக இன்றும் நம் செவிக்கு விருந்தளிக்கும் கலைஞருள் ஒருவர் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை.

நெய்வேலியிலிருந்து தெற்கு நோக்கிச் சேத்தியாத்தோப்பு வழியாகச் சென்று, அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்தால் காவிரி வளநாட்டை அடையலாம். கும்பகோணத்திற்கும் மயிலாடுதுறைக்கும் இடையே, வயல் சூழ அமைந்துள்ள ஊர் திருவாவடுதுறை. அங்கு 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27-ஆம் நாள் இவர் பிறந்தார். பெற்றோர் குப்புசாமிப் பிள்ளை, கோவிந்தம்மாள் ஆவர். பிள்ளைக்கு அவர்கள் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம் என்பதாகும்.

இளமையிலேயே தந்தையை இழந்த சிறுவரை, தாய்மாமனாகிய திருமருகல் நடேச பிள்ளை வளர்த்தார். மாமனும் நாகசுரக் கலையில் வல்லவரே. சிறுவர் திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் இசை பயின்றார். அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாகசுரம் பயின்றார். வாய்ப்பாட்டில் முறையான பயிற்சி பெற்றமையால், பாடுவோர் குரலில் தோன்றும் குழைவும் நெகிழ்வும் அவர்தம் குழலிலும் தோன்றின.

அக்காலத்தில் பெரிதும் வழங்கியது திமிரி என்னும் குட்டை நாகசுரம். அதன் ஒலி மிக உயர்ந்தது. திருவீதி உலாவில் நெடுந்தொலைவு கேட்பதற்கு ஏற்றது. ஆயினும் அரங்கில் அமர்ந்து நுட்பமாக வாசிப்பதற்குத் தாழ்ந்த சுருதியுடைய நீண்ட குழலே வேண்டும் என்று இராசரத்தினம் கருதினார். திருவாவடுதுறையை அடுத்த நரசிங்கம்பேட்டையில் அரங்கநாத ஆசாரி என்னும் கைவினைஞர் இருந்தார். அவர் ஆச்சாமரத்தில் கடைந்து உருவாக்கிய பாரி நாகசுரம் இவருடைய விருப்பத்தை நிறைவேற்றிற்று. நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. கலைஞன் புகழுக்குப் பின்னே கருவி செய்வோனின் உழைப்பும் உண்டு என்பதை மாணவர் மறத்தலாகாது.

இசையில் பெற்ற வெற்றியினும் அரியதொரு வெற்றியையும் இவர் நாடினார். பாடுவோர் மேடைமீது அமர்ந்து பாடினர். நாகசுரக் கலைஞரோ நின்றும் நடந்துமே வாசிக்க வேண்டியிருந்தது. சட்டை அணிதல் கூடாது. மேலாடையை இடையில் கட்டிக்கொள்ளுதல் வேண்டும். கோயிலிலும் மணவீட்டிலும் மங்கலம் பெருக்கும் கலைஞருக்கு அவையில் சமமான இருக்கை இல்லை. இந்நிலையை இராசரத்தினம் ஏற்க மறுத்தார். நீண்ட மேற்சட்டை அணிந்து, மேடையில் அமர்ந்து வாசித்தார். ஒத்துக் குழலுக்கு மாறாகச் சுருதிப் பெட்டியை அமைத்துக்கொண்டார். அவரைச் செருக்குடையவர் எனப் பழித்தோர் பலர். ஆனால் அவர் வேண்டிய இருக்கை அவர் ஒருவருக்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை. பின்வந்த கலைஞர் அனைவருக்கும் அது கிடைத்தது.

1940-ஆம் ஆண்டில் வெளிவந்த காளமேகம் என்னும் திரைப்படத்தில் அவர் கவிஞராக நடித்தார். 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14-ஆம் நாள் நாடு விடுதலை பெறவிருந்த வேளையில், திருவாவடுதுறை ஆதீனத்தார் நேருவுக்குச் செங்கோல் வழங்கத் தில்லிக்குக் குழுவொன்றை அனுப்பினர். அக்குழுவுடன் சென்று இராசரத்தினம் நாகசுரம் முழக்கினார். ஒரு காலத்தில் அவையில் இருக்கை பெறாத கலை, நாட்டின் தலைநகரில் அன்று தலைநிமிர்ந்து ஒலித்தது.

இசை கேட்கப் புகும் மாணவர் முதற்கண் அவர் வாசித்த தோடி ஆலாபனையைக் கேட்டல் வேண்டும். தோடி, எழுபத்திரண்டு மேளங்களுள் எட்டாவது. அதன் சுரங்கள் நேரே நில்லாமல் அசைந்து ஒலிப்பதே அதன் அழகு. திருவிழா இரவுகளில் ஓர் இராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசித்தவர் அவர். பழைய அரக்கு இசைத்தட்டின் ஒரு பக்கமோ மூன்று நான்கு நிமிடத்திற்குமேல் ஓடாது. கடலைக் குடத்துள் அடக்குவது போன்ற அப்பணியை அவர் எவ்வாறு செய்தார் என்பதைக் கூர்ந்து கேட்க வேண்டும். முதன்முறை கேட்கும்போது அவர்தம் மூச்சின் நீளத்தைக் கவனியுங்கள். மறுமுறை, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குக் குழல் வழுக்கிச் செல்லும் நயத்தைக் கவனியுங்கள். விரலாலும் மூச்சாலும் சீவாளியைப் பற்றும் உதட்டாலும் அந்நயம் பிறக்கிறது.

அதன்பின் அவர் மாணவராகிய காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பைக் கேட்கலாம். 1962-ஆம் ஆண்டின் கொஞ்சும் சலங்கை திரைப்படத்தில், எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாகசுரம் இழைந்து செல்வதைக் கேட்டால், குருவின் வழி எது, மாணவரின் தனித்திறம் எது என்பது புலப்படும். பின்னர் வடநாட்டுப் பிஸ்மில்லா கானின் செனாய் இசையையும் கேட்டு ஒப்பிடுங்கள். சீவாளியால் ஒலிக்கும் இரு குழல்கள் இரு வேறு மரபுகளில் எவ்வளவு மாறுபடுகின்றன என்பது விளங்கும்.

இராசரத்தினம் பெரும்பொருள் ஈட்டினார்; ஆயினும் அதனைச் சேர்த்துவைக்க அறிந்தாரிலர். 1956-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் சென்னையில் காலமானார். அதற்கு முந்திய திங்களில்தான் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியிருந்தது. தில்லியில் செங்கோல் பெற்ற நேருவே 1957-ஆம் ஆண்டில் நெய்வேலிச் சுரங்கப் பணியையும் தொடங்கிவைத்தார். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுள் கிடந்த மரங்களின் ஆற்றல், அகழ்ந்து எடுப்பார் வந்தபோது ஒளியாக வெளிப்பட்டது. இசைத்தட்டின் கருநிற வரைகளுள் உறங்கும் மூச்சும் அத்தகையதே. கேட்பார் இல்லையேல் அது வெறுந்தட்டு. செவி கொடுப்பார் உளராயின் அது தோடி.