வேலையை இழந்தும் பின்வாங்காத கணிதப் பேராசிரியர்: ர.தோ. கார்வேயின் கதை

குடும்பக் கட்டுப்பாடு அரசுத் திட்டமாவதற்கு 31 ஆண்டுகளுக்கு முன்பே, 1921-இல், மும்பையில் அதற்கென ஆலோசனை மையம் திறந்தவர் ரகுநாத் தோண்டோ கார்வே. கைம்பெண்களின் மறுவாழ்வுக்காக உழைத்த மகரிஷி கார்வேயின் மகனான அவர், 1882 ஜனவரி 14-இல் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே பிரசவத்தில் தாய் ராதாபாயை இழந்தார்.

வில்சன் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்தவர், கருத்தடைக்கு ஆதரவாக வெளிப்படையாகப் பேசியதால் பணியைத் துறக்க நேர்ந்தது. 1927-இல் ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்னும் மராத்தி மாத இதழைத் தொடங்கினார். பாலியல் கல்வி, கருத்தடை, பால்வினை நோய்கள் என அன்று வீட்டுக்குள்ளும் பேசப்படாதவற்றை அது அச்சில் பேசியது. மனைவி மாலதி உறுதுணையாக நின்றார். குழந்தை வேண்டாம் என்பது இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு.

வாசகர்களின் ஐயங்களுக்கு அவர் அளித்த விடைகளே ஆபாசம் எனக் குற்றம்சாட்டப்பட்டன. 1934-இல் அவருக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் டாக்டர் அம்பேத்கர். வழக்கு தோற்றது, 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

ஆனால், அம்பேத்கர் அத்துடன் விடவில்லை. 1938 நவம்பரில் பம்பாய் சட்டப்பேரவையில் குடும்பக் கட்டுப்பாட்டை வலியுறுத்தும் தீர்மானத்தை அவரது கட்சி உறுப்பினர் பி.ஜே. ரோஹம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அவைக்கு வர இயலாததால், அவர் எழுதித் தந்த உரையை ரோஹமே வாசித்தார். ஆதரவு 11, எதிர்ப்பு 52.

1952-இல் மத்திய அரசு தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. மறு ஆண்டு அக்டோபர் 14-இல் கார்வே காலமானார். இறுதிவரை இதழை நடத்திவந்தார்.