லூயி செவர்லே: விரைவும் விலையும்

ஒருவர் ஈட்டிய பொருள் அவர்க்குப் பின் பிறர்பாற் சேர்தல் உலகியல்பு. அவர் உயிரோடிருக்கும்போதே அவரது பெயர் பிறர் உடைமையாதல் அரிது. எண்ணிறந்த மோட்டார் வண்டிகளின் முகப்பிற் பொறிக்கப்பெற்ற பெயரையுடைய லூயி செவர்லே என்பார்க்கு அங்ஙனமே நேர்ந்தது. அவர்தம் வரலாற்றை நாம் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

செவர்லே 1878-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் சுவிட்சர்லாந்து நாட்டிற் பிறந்தார். தந்தையார் கடிகாரம் செய்பவர். குடும்பம் பிரான்சிற் குடியேறிய பின், மைந்தர் சைக்கிள்களைப் பழுதுபார்க்கவும் பந்தயங்களில் ஓட்டவும் பழகினார். 1900-இல் கனடாவுக்குக் கப்பலேறி, அங்கிருந்து நியூயார்க் நகரை அடைந்தார். 1905-இல் அந்நகரின் மாரிஸ் பார்க் பந்தயத்தில் ஒரு மைல் தூரத்தை 52.8 வினாடியிற் கடந்து வெற்றி பெற்றார். அன்று முதல் விரைவே அவருக்கு உயிராயிற்று.

அவரது திறமையையும் புகழையும் கண்ட வில்லியம் டியூரண்ட் என்னும் வணிகர், முன்னர்த் தம் பியூக் கம்பெனிக்காக அவரைப் பந்தயம் ஓட்டச் செய்தவர், 1911 நவம்பர் 3-ஆம் நாள் அவர் பெயராலேயே ஒரு கம்பெனியைத் தொடங்கினார். செவர்லே வகுத்த முதல் வண்டி ஆறு சிலிண்டர்களும் 40 குதிரைச் சக்தியும் உடையது. மணிக்கு 65 மைல் செல்ல வல்லது. ஆனால் அதன் விலை 2,150 டாலர். ஃபோர்டின் வண்டியோ அதன் மூன்றிலொரு பங்கினும் குறைந்த விலைக்குக் கிடைத்தது. எளியோரும் வாங்கத்தக்க வண்டியே வேண்டுமென்றார் டியூரண்ட். தம் பெயர் தாங்கிய வண்டி சிறந்ததாக இருத்தல் வேண்டுமென்றார் செவர்லே. இருவரும் தத்தம் வழியில் நேர்மையுடையவரே எனினும் பிணக்குத் தீரவில்லை. செவர்லே 1913-இல் விலகினார்; தம் பங்கையும் விற்றார்; பெயர் மட்டும் கம்பெனியிடமே தங்கிற்று. 1915-இல் அப்பெயரோடு 490 டாலருக்கு ஒரு வண்டி வெளிவந்து பெருஞ்செல்வம் ஈட்டியது. அச்செல்வத்தில் அவர்க்குப் பங்கில்லை.

பின்னர்ச் செவர்லே தம் தம்பியருடன் ஃபிரண்டினாக் என்னும் பெயராற் பந்தய வண்டிகள் செய்தார். 1920-இல் அவர் வகுத்த வண்டியில் ஏறி இளவல் காஸ்டன் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் முதல்வராக வந்தார். அவ்வாண்டு நவம்பர் மாதமே மற்றொரு பந்தயத்தில் அவ்விளைஞர் உயிர் துறந்தார். விரைவுக்கு அக்குடும்பம் கொடுத்த விலை டாலரால் அளக்கற்பாலதன்று.

ஈண்டு ஒரு வியப்பு உண்டு. சகோதரர்கள் பின்னர் ஃபோர்டின் மலிவான வண்டிக்குப் பொருத்தத்தக்க உயர்ந்த சிலிண்டர்த் தலைப்புகளைச் செய்து விற்றனர். எளியோர் வண்டியும் விரைந்தோடலாயிற்று. டியூரண்டும் அவரும் தம்முள் ஒட்டாதவை என்று பிரிந்த விலைக்குறைவும் விரைவும் அவர் கைகளிலேயே ஒன்றுபட்டன!

1929-இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தில் அவர் செல்வம் கரைந்தது. தம் பெயர் தாங்கிய தொழிற்சாலையிலேயே அவர் பின்னாளில் ஊழியம் செய்தார் என்பர். 1941 ஜூன் 6-ஆம் நாள் தமது 62-ஆம் வயதில் காலமானார்.

அவ்விரண்டின் சேர்க்கையே 1960-களில் மஸில் கார் எனப் பெயர் பெற்றது. சாதாரண வண்டியில் பேராற்றல் யந்திரம் அமைப்பதே அதன் இலக்கணம். 1966-இல் செவர்லே கம்பெனியின் கமாரோ 2,466 டாலர் முதற்கொண்டு விற்கப்பட்டது. 1970-இல் 450 குதிரைச் சக்தி பெற்ற ஷெவெல் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட ஏறத்தாழ ஆறு வினாடியே கொண்டது. புகைக் கட்டுப்பாடும் எண்ணெய்த் தட்டுப்பாடும் வரவே, 1975-இல் கமாரோவின் மிக வலிய யந்திரமும் 155 குதிரைச் சக்திக்குச் சுருங்கிற்று. ஆற்றலை அளக்கும் முறை மாறியதும் ஒரு காரணமாகும். 2017-ஆம் ஆண்டின் வலிமை மிக்க கமாரோவோ 650 குதிரைச் சக்தியோடு அவ்வேகத்தைச் சுமார் மூன்றரை வினாடியில் எட்டியது. விலை 60,000 டாலருக்கு மேல்; அது 1966-ஆம் ஆண்டுப் பணத்தில் ஏறத்தாழ 8,000 டாலர். 2023-இல் கமாரோ செய்வதும் நின்றது.

வினாடிகள் குறையக் குறைய விரைவு மீண்டும் எளியோர் கைக்கு எட்டாததாயிற்று. செவர்லேயும் டியூரண்டும் தொடங்கிய வழக்கு இன்னும் தீரவில்லை போலும். ஆயினும் பெயரையும் பொருளையும் இழந்தும் தொழிற்செம்மையை இழவாத அவரை நாம் தோற்றவர் என்று கூறத் துணியோம்.