வான்போர் வீரர் இந்திரலால் ராய்

நம் இரும்பையினின்று புதுவைக்குச் செல்லும் அன்பர்கள், அந்நகர்க் கடற்கரையில், 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த பெரும்போரில் உயிர் நீத்தார்க்கென எடுத்த நினைவுச் சின்னத்தைக் கண்டிருப்பர். புதுவையினின்று சென்றாரும் பொருத அப்பிரெஞ்சு நாட்டிலே, எஸ்தெவெல் என்னுஞ் சிற்றூரின் இடுகாட்டில், வங்க எழுத்துப் பொறித்த கல்லொன்று உளது. அதன்கீழ்த் துயில்பவர் இந்திரலால் ராய். ஐந்து பகை விமானங்களை வீழ்த்தினாரை 'ஏஸ்' எனச் சிறப்பித்தல் மேனாட்டார் வழக்கு. இவர் வென்றவை பத்து. இவருடைய சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் பாரிஸ்டர். அன்னையார் லலிதா ராய், மகளிர்க்கு வாக்குரிமை வேண்டி 1911-ல் லண்டன் மாநகரில் நடந்த பேரணியில் நடந்த பெருமாட்டியார். தமையனார் பரேஷ்லால் குத்துச்சண்டையிற் பெயர் பெற்றவர். இந்திரலால் லண்டனிலே புனித பால் பள்ளியில் பயின்று, பதினெட்டாம் அகவையில் விமானப்படையிற் சேர விழைந்தார். கண்பார்வை போதாதென்று முதலில் தள்ளினரென்றும், தம் மோட்டார் சைக்கிளை விற்று வேறொரு கண் மருத்துவரிடம் சான்று பெற்றாரென்றும் கூறுவர். 1917 ஜூலையில் அதிகாரியாக நியமனம் பெற்றார். அவ்வாண்டிறுதியில் 56-ஆம் படைப்பிரிவிற் சேர்ந்து பிரான்சுக்குச் சென்றார்.

சென்ற சின்னாளிலேயே, டிசம்பரில், அவர் ஊர்ந்த விமானம் தரையில் மோதிற்று. இறந்தாரென எண்ணிப் பிணவறையிற் கிடத்தினரென்றும், உணர்வு வந்து அவர் கதவைத் தட்டக் காவலர் அஞ்சினரென்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், இனிப் பறத்தற்குத் தகுதியில்லை என மருத்துவர் விலக்கியது மெய். அவரோ வாளாவிருந்திலர். விமானங்களைப் படமாக வரைந்தார்; மேலதிகாரிகளை இடைவிடாது வேண்டினார்; ஏறத்தாழ ஆறு திங்களுக்குப்பின் மீண்டும் தகுதி பெற்றார். அவர் வென்ற விமானங்களினும் இவ்வாறு திங்களையே யாம் பெரிதாக மதிக்கிறோம். ஒருமுறை தேறாத மைந்தனைப் பள்ளியினின்று நிறுத்தி மரக்காணத்து உப்பளத்திற்கு அனுப்பிவிடும் தந்தையர் நம்மிலும் உளரன்றோ? அன்னார் இப்பகுதியைச் சற்று நின்று படிப்பாராக.

1918 ஜூனில் 40-ஆம் படைப்பிரிவில், மக்கெல்ராய் என்னும் ஐரிஷ் தலைவரின்கீழ் அமர்த்தப்பெற்றார். அவர் செலுத்திய விமானம் ஒருவரே ஏறுவது. ஓட்டுதல், நோக்குதல், இரு இயந்திரத் துப்பாக்கிகளால் சுடுதல் யாவும் ஒருவர் தொழிலே. தீப்பற்றினால் குதித்து உய்தற்குப் பாரசூட்டும் அக்கால ஆங்கில விமானிகளுக்கு இல்லை. ஜூலைத் திங்களில் இரண்டு வாரத்திற்குள் பத்து வெற்றிகள். அவற்றுள் மூன்று, ஒரே நாளில் நான்கு மணி நேரத்திற்குள் பெற்றவை. சில வெற்றிகளில் தோழர்க்கும் பங்குண்டு.

அயலார் கொடிக்கீழ்ப் பொருதவர் நமக்கு எங்ஙனம் பெருமையாவார் என வினவுவாரும் உளர். வினா நேரிதே. ஆயினும் ஒன்று கருதற்பாலது. இந்தியர் சிப்பாய்களாகப் பல்லாயிரவர் மடிந்த அப்போரில், அவர்க்கு மன்னர் ஆணை பெற்ற படையதிகாரிப் பதவி வழங்க ஆங்கில அரசு 1917 ஆகஸ்டு வரை பெரும்பாலும் இசைந்திலது. ஆளத் தகுதியில்லையென அரசு கருதிய இனத்திற் பிறந்தவர், வானில் எவர்க்கும் குறையாது நின்று காட்டினார். ஆங்கிலேய விமானப்படையில் அன்று விமானிகளாயிருந்த இந்தியர் நால்வர். ராயும் வெலிங்கரும் மாண்டனர், சென் சிறைப்பட்டார், ஹர்தித் சிங் மாலிக் என்னும் சீக்கியர் நெடுநாள் வாழ்ந்து, பிற்காலத்தில் பிரான்சிலே இந்தியத் தூதராயிருந்தார்.

1918 ஜூலை 22-ல் கார்வென் என்னும் ஊரின்மேல் ஜெர்மானிய விமானங்களோடு பொருது ராய் வீழ்ந்தார். இருபது அகவை நிரம்பவில்லை. ஒன்பதாம் நாள் தலைவர் மக்கெல்ராயும் போரில் மாண்டார். செப்டம்பரில், சிறந்த விமானிகட்கென அவ்வாண்டே ஏற்படுத்திய பறப்புச் சிலுவைப் பதக்கம் ராய்க்கு அறிவிக்கப்பட்டது. இந்தியருள் அதனை முதலிற் பெற்றவர் அவரே. 1998-ல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலை வெளியிட்டது. கல்கத்தாவில் பவானிப்பூரில் ஒரு வீதி அவர் பெயரைத் தாங்கியுளது.