சுவார்ட்ஸ் ஐயர் கொடுத்த வாக்கு

மலருக்கு யாராவது ஒரு பெரியவரைப் பற்றி எழுதிக் கொடு என்று நம் சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து இரண்டு மாதமாகிறது. கம்பி, கான்கிரீட் என்றால் உடனே எழுதியிருப்பேன். பெரியவர் என்றதும் எனக்கு ஒருவர்தான் நினைவுக்கு வந்தார்.

மூன்றாம் வருஷம் எங்கள் செட் தஞ்சாவூர் டூர் போனது. பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் சிவகங்கைக் குளத்துப் பக்கம் ஒரு பழைய சர்ச்சுக்குள் நுழைந்தோம். உள்ளே ஒரு சலவைக்கல் சிற்பம். கட்டிலில் ஒரு கிழவர் சாகக் கிடக்கிறார். ஒரு ராஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். யாரோ வெள்ளைக்காரன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம். அவ்வளவுதான்.

அந்தக் கிழவர்தான் சுவார்ட்ஸ் ஐயர். ஜெர்மனியில் 1726-ல் பிறந்தவர். 1750-ல் தரங்கம்பாடி மிஷனுக்கு வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. தமிழ், மராத்தி, பாரசீகம் எல்லாம் பேசுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருச்சியில் இருந்தபோது கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற ஒரு அறையில் குடியிருந்தார். சாப்பாடு நம்ம ஊர்ச் சோறும் காய்கறியும்.

பிரசங்கத்தில் அன்பைப் பற்றிப் பேசாத போதகர் உண்டா? ஆனால் ஜனங்கள் இவரைப் பார்த்தது பிரசங்கத்தில் அல்ல, கொடுக்கல் வாங்கலில். 1779-ல் கும்பினியார் இவரை ஹைதர் அலியிடம் சமாதானத் தூது அனுப்பினார்கள். தூது பலிக்கவில்லை. (கும்பினிக்காகப் போனது சரியா என்று இன்றைக்கு நாம் கேட்கலாம், கேட்க வேண்டியதுதான்.) வழிச்செலவுக்கு ஹைதர் கொடுத்த 300 ரூபாயை அப்படியே மதராஸ் சர்க்காரிடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதைத் தஞ்சாவூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு முதலாகப் போட்டார். அடுத்த வருஷம் போர் மூண்டபோதும், இந்தப் பாதிரியாரை யாரும் தடுக்கக்கூடாது என்று ஹைதர் தன் படைக்கு உத்தரவு போட்டிருந்தார்.

அந்தப் போரில் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. ஏற்றி வர மாடு இல்லை. முன்பு மாட்டைப் பிடித்துப் போய்க் காசு கொடுக்காமல் ஏமாற்றியிருந்ததால் ராஜாவின் பேச்சையும் கும்பினியின் பேச்சையும் யாரும் நம்பவில்லை. என் கையாலேயே கூலி தருகிறேன், மாட்டை எதிரி பிடித்துப் போனால் அதற்கும் தருகிறேன் என்று ஐயர் ஓலை அனுப்பினார். ஒன்றிரண்டு நாளில் ஆயிரத்துக்கு மேல் மாடு. உபதேசியார்கள் உயிரைப் பணயம் வைத்துப் போய் 80,000 கலம் நெல் கொண்டு வந்தார்கள். சொன்னபடி பட்டுவாடாவும் நடந்தது. பிறகு, கொடுமை தாங்காமல் ஊரை விட்டு ஓடிய குடியானவர்களும் ராஜா கூப்பிட்டு வரவில்லை. ஐயர் வாக்குக் கொடுத்ததும் ஏழாயிரம் பேர் திரும்பி வந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வியர்த்தது. காரணம் இருக்கிறது. எங்க ஊர் கோட்டைப்பட்டினம். கரையில் மீன் ஏலம் வாய்ப்பேச்சில் நடக்கும், காசு பிறகு கை மாறும். அந்த ஊர்ப் பக்கமிருந்து எட்டுப் பேரை என் முதல் சைட்டுக்கு நானே கூட்டிப் போனேன். சனிக்கிழமை சம்பளம் என்று சொன்னதும் நான்தான். பணம் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை முதல் அவர்கள் போனை நான் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனாலும் கடைசி பஸ்ஸில் இறங்கி, கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன். அப்பா எதுவும் கேட்கவில்லை. அம்மாவின் வளையலை அடகு வைத்து, என்னைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஒருத்தர்கூட என்னோடு வேலைக்கு வரவில்லை.

ஐயரும் தவறாதவர் இல்லை. சாகக் கிடந்த துளஜா ராஜா 1787-ல் தத்துப்பிள்ளை சரபோஜியை இவர் கையில் ஒப்படைக்கப் பார்த்தார். வேண்டாம், உங்கள் தம்பி அமர்சிங்கிடம் விடுங்கள் என்று யோசனை சொன்னவர் இவரே. தம்பி பட்டத்தை எடுத்துக்கொண்டு பையனை அறைக்குள் அடைத்து வைத்தார். போனதை விடு என்று ஐயர் இருந்துவிடவில்லை. மதராஸுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். பையனுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தார். 1793-ல் மதராஸுக்கே பத்திரமாக அனுப்பி வைத்தார். 1798 பிப்ரவரி 13-ல் ஐயர் காலமானார். அதே வருஷம் சரபோஜி பட்டத்துக்கு வந்தார்.

சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். மதம் மாறினால்தான் அன்பு என்று ஐயர் அவரிடம் நிபந்தனை வைக்கவில்லை. லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனிடம் சொல்லி அந்தச் சலவைக்கல்லைச் செய்வித்தவர் இந்த ராஜாதான்.

ரீயூனியன் முடிந்து குடும்பத்தோடு தஞ்சாவூர் வழியாகப் போகிறவர்கள், பெரிய கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். இந்தப் பொங்கலுக்கு என் மகளைக் கூட்டிப் போனேன். படுத்திருப்பவர் அந்த ராஜாவுக்கு அப்பாவா என்று கேட்டாள். கிட்டத்தட்ட என்றேன்.