பாகவதர் கிராப் முதல் லிப் ஃபில்லர் வரை... தமிழ்நாடே காப்பியடித்த ஒரு திருச்சி முகத்தின் கதை!

கல்யாணத் தேதி குறிச்சாச்சு. புடவை, நகை, மேக்கப் ஆர்ட்டிஸ்ட் எல்லாம் முடிவாகிடுச்சு. அப்படியே உதட்டையும் கொஞ்சம் எடுப்பாக்கிக்கிட்டா போட்டோவுல நல்லா இருக்குமேன்னு உங்களுக்கு ஓர் எண்ணம் வந்திருக்கலாம். போன்ல இருக்கிற ஃபில்டர் ஒரே தட்டுல உதட்டைத் தடிமனாக்கிக் காட்டுது. அதைப் பார்த்துட்டுக் கண்ணாடியைப் பார்த்தா, நேத்து வரைக்கும் நல்லா இருந்த சொந்த உதடு இன்னிக்கு மெல்லிசா தெரியுது. லிப் ஃபில்லர் ஊசிக்கு எவ்வளவு ஆகும்னு விசாரிக்கிற யோசனையில இருக்கீங்களா?

விசாரிங்க, தப்பில்லை. அதுக்கு முன்னாடி ஒருத்தரோட கதையைக் கேளுங்க. ஊசியும் ஃபில்லரும் இல்லாத காலத்தில் முகத்தாலும் குரலாலும் தமிழ்நாட்டையே கட்டிப்போட்டவர். உங்க கொள்ளுத்தாத்தா காலத்து இளைஞர்கள் அவரைப் பார்த்துத்தான் தலைமுடி வளர்த்தார்கள். திருச்சியில் வளர்ந்து, திருச்சி மண்ணிலேயே அடங்கியவர். எம்.கே.தியாகராஜ பாகவதர்!

பொற்கொல்லர் வீட்டுப் பையன்

1910-ம் ஆண்டு மார்ச் 1-ம் தேதி மாயவரத்தில் பிறந்தவர் தியாகராஜன். குடும்பம் பிழைப்புக்காகத் திருச்சிக்கு வந்தது. நகை செய்யும் குடும்பம். பொன்னை உருக்கித் தட்டி, அடுத்தவர் காதுக்கும் கழுத்துக்கும் அழகு சேர்க்கிற தொழில். பையனுக்கோ படிப்பிலும் மனசு இல்லை, பட்டறையிலும் மனசு இல்லை. பாட்டு, பாட்டு, பாட்டுதான். அதற்காக வீட்டைவிட்டு ஓடி, கடப்பாவில் பாடிக்கொண்டிருந்தவனை அப்பா தேடிப்பிடித்து அழைத்துவந்தார் என்று சொல்வார்கள்.

அந்தக் குரல் சரியான காதில் விழுந்தது. ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி.நடேச ஐயர், திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கி நாடகங்கள் நடத்திவந்தார். அவருடைய 'ஹரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசன் வேஷம், சுமார் 10 வயதுப் பையனான தியாகராஜனுக்குக் கிடைத்தது. பிறகு முறையான சங்கீதப் பயிற்சி, நடிப்புப் பயிற்சி எல்லாம் வரிசையாக வந்தன.

அந்தக் கால மேடை எப்படி இருந்திருக்கும்னு கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. பெண் வேஷத்தையும் பெரும்பாலும் பையன்களே கட்டினார்கள். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் முகம் தெரியணும். அதனால் அரிதாரம் பூசி, கண்ணுக்கு மை தீட்டி, உதட்டில் சிவப்பு ஏற்றுவார்கள். நாடகம் முடிந்ததும் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தால் எல்லாம் போய்விடும். அடியில் பழைய முகம் பத்திரமாக இருக்கும். இதை ஞாபகத்தில் வெச்சுக்கோங்க, பின்னால தேவைப்படும்.

உதட்டழகு இந்த ஊருக்குப் புதுசில்லை

உதட்டின் மீதான ஆசை ஏதோ இன்ஸ்டாகிராம் கொண்டுவந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். காவிரிக்கரைக் கொடிக்கால் வெற்றிலைதான் நம் பாட்டிமார்களின் லிப்ஸ்டிக். உறையூரைச் சேர்ந்த திருப்பாணாழ்வார், ஸ்ரீரங்கம் பெருமாளைப் பாதத்திலிருந்து ஆரம்பித்துப் பத்துப் பாசுரங்களில் பாடியிருக்கிறார். கண்ணுக்குப் போவதற்கு முன்னால் வாய்க்கென்றே அதில் ஒரு பாசுரம் உண்டு. உதட்டுக்குப் பவளத்தையும் கோவைப்பழத்தையும் உவமை தேடிய மொழி நம்முடையது.

தியாகராஜனைத் தமிழகம் முழுக்கக் கொண்டுசேர்த்த கதையின் பெயரிலும் பவளம் இருந்தது. 'பவளக்கொடி' நாடகத்தில் அவர் அர்ஜுனன், எஸ்.டி.சுப்புலட்சுமி பவளக்கொடி. அது 1934-ல் கே.சுப்பிரமணியம் இயக்கத்தில் சினிமாவாக வந்தபோது, படம் முழுக்கப் பாட்டுமயம். மக்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள்.

அதே 1934-ல் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் மாட்டின் கண்ணுக்குள் இருக்கும் கூழிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு ஹையலுரானிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். இன்னிக்கு உதட்டில் ஏற்றுகிற ஃபில்லர்களில் பெரும்பாலானவற்றின் மூலப்பொருள் அதுதான். இந்தப் பக்கம் ஒரு முகம் திரைக்கு வந்தது. அந்தப் பக்கம், முகங்களை மாற்றப்போகும் பொருள் வெளியே வந்தது. ரெண்டு பேருக்கும் அது தெரியாது.

முகம் ஃபேஷன் ஆனது

பிடரி வரை புரளும் தலைமுடி, காதில் வைரக் கடுக்கன், நெற்றியில் பொட்டு, பட்டு ஜிப்பா, பக்கத்தில் வந்தாலே வீசும் ஜவ்வாது. இதுதான் பாகவதர். நெற்றியிலிருந்து பின்னோக்கி வாரி நீளமாகத் தொங்கவிடும் அந்த முடிக்கு 'பாகவதர் கிராப்' என்றே பெயர் வந்துவிட்டது. தங்கத் தட்டில் சாப்பிட்டார், அவர் வருகிற ரயில் நிலையங்களில் கூட்டம் தாங்காது என்றெல்லாம் கதைகள் இன்னும் உலவுகின்றன.

1937-ல் வந்த 'சிந்தாமணி' ஒரே தியேட்டரில் ஒரு வருடத்தைத் தாண்டி ஓடியது. அந்தப் பட லாபத்தில்தான் மதுரையில் சிந்தாமணி தியேட்டர் கட்டப்பட்டது என்பார்கள். அதே வருடம் அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கத்தில் 'அம்பிகாபதி'. பாகவதரின் முகத்தை மேடைக்குக் கீழே உட்கார்ந்து தூரத்தில் பார்த்தவர்கள், இப்போது திரையில் ஆள் உயரத்துக்குப் பார்த்தார்கள். இன்னிக்கு ஒரு நடிகையின் உதட்டை போன்ல பெரிசுபண்ணிப் பார்க்கிறோமே, அந்தப் பழக்கத்துக்கு ஆரம்பம் இந்த க்ளோசப்தான்.

ஆனா, அவர் நடித்த கதைகளைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. 'சாரங்கதாரா' கதையில் இளவரசனின் அழகில் சிற்றன்னை மயங்குகிறாள்; அவன் மறுத்ததும் பழி விழுகிறது, தண்டனை வருகிறது. 1941-ல் வந்த 'அசோக்குமார்' படத்திலும் அப்படித்தான். அழகான இளவரசன் குணாளன் கண்களையே இழக்கிறான். 'ஹரிதாஸ்' படத்தில் அழகும் பணமும் தந்த திமிரில் ஆடியவன் கால்களை இழந்து திருந்துகிறான். 1939-ல் வந்த 'திருநீலகண்டர்' மட்டும் வேறு மாதிரி: கிழவனும் கிழவியுமாகக் குளத்தில் மூழ்கியவர்கள் இளமையோடு எழுந்து வருவார்கள். இன்னிக்கு அழகு கிளினிக் விளம்பரம் எல்லாம் அந்தக் குளத்தைத்தானே விற்குது!

அழகைப் பார்க்கக் காசு கொடுத்து வந்த அதே கூட்டம், அழகு தண்டிக்கப்படுவதையும் கண்ணீரோடு ரசித்தது. பாகவதரின் சொந்த வாழ்க்கையிலும் அதுவே நடக்கப்போகிறது என்று யாருக்கும் தெரியாது.

மூன்று தீபாவளி... ஒரு சிறைவாசம்

1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால், இரண்டாவது தீபாவளியையும் மூன்றாவது தீபாவளியையும் அதன் நாயகன் சிறையில் கழித்தார்.

சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதியே பத்திரிகை நடத்தியவர் லட்சுமிகாந்தன். முதலில் 'சினிமா தூது', பிறகு 'இந்து நேசன்'. இன்னிக்கு ஒரு நடிகையின் பழைய போட்டோவையும் புதுப் போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல போட்டு, உதட்டுல ஊசியா, மூக்குல ஆபரேஷனான்னு ஊரே கமென்ட்டில் விசாரணை நடத்துதே, அந்தச் சந்தையின் முன்னோடி அது. 1944 நவம்பர் 8-ம் தேதி சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். டிசம்பர் இறுதியில் பாகவதர் கைதானார். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் அதே வழக்கில் சிக்கினார். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு, மறுபடி சென்னை உயர் நீதிமன்றத்துக்கே திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள்.

வெளியே வந்தபோது பாகவதருக்கு வயது 37. குரல் இருந்தது. பெயரில் களங்கம் நீங்கியிருந்தது. ஆனால், ரசிகர்களின் கண் மாறிவிட்டது. அவர் நடித்தவை மொத்தம் 14 படங்கள். சிறைக்கு முன் ஒன்பது, பின் ஐந்து. 'ராஜமுக்தி', 'அமரகவி', 'சியாமளா', 'புதுவாழ்வு', 'சிவகாமி' என்ற அந்த ஐந்தில் ஒன்றுகூட பழைய வெற்றியைத் தொடவில்லை. 'அமரகவி'யும் 'சியாமளா'வும் வந்த அதே 1952-ல்தான் 'பராசக்தி' வந்தது. பாட்டு நாயகனின் இடத்தில் வசன நாயகன் வந்து நின்றார். அந்தப் புதுமுகம் சிவாஜி கணேசனும் திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்தவர்தான். பாகவதர் கிராப் வைத்திருந்த இளைஞர்கள் சத்தமில்லாமல் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டார்கள்.

1959 நவம்பர் 1-ம் தேதி, சென்னை பொது மருத்துவமனையில் பாகவதர் இறந்தார். வயது 49. உடல் திருச்சிக்கு வந்தது. சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

இப்போ உங்க உதட்டுக்கு வருவோம்

பாகவதர் சேர்த்துக்கொண்ட அழகை எல்லாம் கழற்றி வைக்க முடிந்தது. கடுக்கனைக் கழற்றலாம், முடியை வெட்டலாம், அரிதாரத்தைத் துடைக்கலாம். ஃபேஷன் மாறியபோது அவரைக் காப்பியடித்தவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உதட்டு ஊசி அப்படி இல்லை. அது தோலுக்கு உள்ளே போகிறது. அதனால இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுங்க.

* ஹையலுரானிக் அமில ஃபில்லர் நீரை ஈர்த்து உதட்டை உப்பவைக்கும். நிரந்தரம் இல்லை. பொதுவாக 6 மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் கரைந்துவிடும். அதாவது, ஒருமுறை செலவோடு முடியாது.
* வீக்கமும் கன்றிப்போன தடமும் சில நாள் இருக்கலாம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் போய் உட்காராதீங்க. குறைந்தது நான்கு வாரம் இடைவெளி வேணும்.
* அபூர்வமாக, ஃபில்லர் ரத்தக்குழாயை அடைத்துவிடலாம். தோல் வெளுத்து, கடும் வலி வந்தால் அது அவசரநிலை. தோல் அழுகும் ஆபத்து உண்டு. மிக அரிதாகப் பார்வையே போகலாம். அதைக் கரைக்கும் ஹையலுரானிடேஸ் என்ற மருந்து கிளினிக்கில் தயாராக இருக்கிறதா என்று கேளுங்க. பதில் மழுப்பலா இருந்தா எழுந்து வந்துடுங்க.
* தோல் மருத்துவர் அல்லது பிளாஸ்டிக் சர்ஜனிடம் மட்டும் போங்க. பார்லர் வேண்டாம். ஆன்லைனில் வாங்கி வீட்டிலேயே செலுத்தும் ஊசியில்லா 'பேனா' கருவிகள் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2021-லேயே அதற்கு எதிராக எச்சரித்திருக்கிறது. ஃபில்லர்களை அங்கே 22 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத்தான் அனுமதித்திருக்கிறார்கள்.
* திரவ சிலிக்கான் என்றால் உடனே மறுத்துடுங்க.
* கர்ப்பமாக இருந்தால், பாலூட்டினால் தள்ளிப்போடுங்க. உதட்டில் அடிக்கடி கொப்புளம் வரும் என்றாலோ, ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டரிடம் மறைக்காதீங்க.

இவ்வளவும் தெரிஞ்ச பிறகும் உங்களுக்கு வேணும்னு தோணினா, அது உங்க உதடு, உங்க முடிவு. ஆனா, மாப்பிள்ளை வீட்டில் யாரோ சொன்னாங்கன்னோ, ஃபில்டர்ல அழகா தெரிஞ்சதுன்னோ மட்டும் போகாதீங்க. பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஊர் ஓர் உதட்டைக் கொண்டாடும், அடுத்த பத்து வருஷத்தில் அதையே கேலி பண்ணும். தமிழ்நாடே கொண்டாடிய ஒரு முகத்தைச் சில வருஷங்களில் மறந்த கண்கள்தான் இவை.

2023-ல் திருச்சியில் பாகவதருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். சிலையில் அந்த முடியைப் பார்த்து இன்றைய பிள்ளைகள் சிரிக்கக்கூடும். ஆனால், பழைய பாட்டு போடும் ஒரு வானொலியில் நள்ளிரவில் அவர் குரல் கேட்டால், யாரும் சிரிக்க மாட்டார்கள். அதுவும் அவர் உதட்டிலிருந்து வந்ததுதான்!