மடிமேல் ஒரு பலகை: சத்யஜித் ரேயின் பணியறை

பத்தாம் ஆண்டு மலருக்கு வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று வட்டத்தார் கேட்டபோது, கவிஞர் ஒருவரையே நான் எடுத்துக்கொள்வேன் என்று உறுப்பினர் பலர் எண்ணியிருக்கக்கூடும். நான் தேர்ந்தது கவிதை நூல்களுக்கு அட்டை வரைந்த ஒருவரை. சத்யஜித் ரேயைத் திரைப்பட இயக்குநராகவே உலகம் அறியும். ஆயின் அவர் தம் முதற்படம் வெளிவரும்வரை ஒரு விளம்பர நிறுவனத்தின் மாதச் சம்பளக்காரர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடித்து, மின்தொடர்வண்டியில் இடம் கிடைத்தால் நோட்டை விரிக்கும் கவிஞர்கள் நம்மிடையே உளர். அவர்களுக்கு ரேயின் படங்களைவிட அவர் வேலை செய்த முறை நெருக்கமானது என்பது என் கருத்து.

அவர் 1921 மே 2 அன்று கல்கத்தாவில் பிறந்தார். கார்ப்பார் சாலையிலிருந்த அந்த வீட்டிலேயே அச்சகமும் இயங்கியது. பாட்டனார் உபேந்திரகிஷோர் எழுத்தாளர், ஓவியர், படங்களை அச்சிடும் ஆஃப்டோன் பிளாக் முறையில் இந்தியாவின் முன்னோடி. 1913-இல் ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழைத் தொடங்கியவர். தந்தை சுகுமார் ரே வங்கமொழியின் வேடிக்கைப் பாடல்களுக்குப் பெயர்பெற்றவர். தம் புகழ்பெற்ற பாடல் தொகுதி நூலாகி வருவதைக் காணாமலே 1923-இல் அவர் மறைந்தபோது மகனுக்கு வயது இரண்டு. சில ஆண்டுகளில் குடும்ப நிறுவனம் நொடித்தது, அச்சகம் போயிற்று, வீடும் போயிற்று. தாயும் மகனும் தாய்மாமன் வீட்டில் அடைக்கலம் புகுந்தனர். கைம்பெண்களுக்கான பள்ளியொன்றில் கற்பித்துத் தாய் சுப்ரபா மகனை வளர்த்தார். வீடும் தொழிற்கூடமும் ஒன்றாயிருந்த அந்தத் தொடக்கத்தை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். பின்னாளில் அவர் அதையே மீண்டும் அமைத்துக்கொண்டார்.

மாநிலக் கல்லூரியில் பொருளியல் கற்றபின் சாந்திநிகேதன் சென்றார். நந்தலால் போஸ், வினோத் பிகாரி முகர்ஜி ஆகியோரிடம் பயின்று, படிப்பை முடிக்காமலே 1942 இறுதியில் திரும்பினார். தூரிகை எழுத்தின் நுட்பம் அங்கே கைவந்தது. அடுத்த ஏப்ரலில் டி. ஜே. கீமர் என்னும் பிரித்தானிய விளம்பர நிறுவனத்தில் எண்பது ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார். அதே காலத்தில் தோன்றிய சிக்னெட் பதிப்பகம் அவரிடம் நூல் அட்டைகளை ஒப்படைத்தது. பகலில் பிஸ்கட்டுக்கும் தேயிலைக்கும் வரையும் கை, மற்ற நேரங்களில் ஜீவனானந்த தாஸின் கவிதைகளுக்கு வரைந்தது.

அந்த அட்டைகள் தனி ஆய்வுக்குரியன. இராமகிருஷ்ணரின் வாழ்வைக் கூறும் நூலுக்கு, இறைநாமம் அச்சிட்ட மேலாடைத் துணியையே அட்டையாக்கி, அதன் எழுத்துகளாகவே தலைப்பை அமைத்தார். குமாவூன் புலிவேட்டை பற்றிய ஜிம் கார்பெட்டின் நூலுக்குப் புலித்தோல் அட்டை: முன்புறம் குண்டு நுழைந்த சிறு துளை, பின்புறம் அது வெளியேறிய பெருந்துளை. இவை வெறும் அலங்காரங்கள் அல்ல. நூலை முழுதும் படித்தவன் மட்டுமே வரையக்கூடியவை. நம் கவிதைத் தொகுதிகள் சிலவற்றின் அட்டையில் தாமரையும் சூரியனும் ஏன் உள்ளன என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. இதை நட்புரிமையோடு சொல்கிறேன்.

‘பதேர் பாஞ்சாலி’யும் அட்டை வேலையிலிருந்து வந்ததே. அந்நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தபோதுதான் அதைத் திரைப்படமாக்கும் எண்ணம் முளைத்தது. 1950-இல் நிறுவனம் அவரை இலண்டனுக்கு அனுப்பியது. அங்கே தங்கிய சில மாதங்களில் நூற்றுக்குச் சற்றொப்பப் படங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். 1952 அக்டோபரில் படப்பிடிப்பைத் தொடங்கினார். வேலையை விடவில்லை, விடுமுறை நாள்களிலேயே படமெடுத்தார். பணம் தீர்ந்து பணி நின்றபோது காப்புறுதிப் பத்திரமும் இசைத்தட்டுகளும் மனைவியின் நகைகளும் துணைவந்தன. இறுதியில் மேற்கு வங்க அரசு உதவ, 1955 ஆகஸ்டில் படம் கல்கத்தாவில் வெளியாயிற்று. அதன் பின்னரே முழுநேரக் கலைஞராகும் துணிவு அவருக்கு வந்தது.

இனி அந்த அறை. 1970 முதல் அவர் வாழ்ந்தது பிஷப் லெஃப்ராய் சாலையிலிருந்த பழைய மாளிகை ஒன்றின் மாடிப் பகுதி, வாடகை வீடு. உயர்ந்த கூரை, பெரிய சன்னல்கள். சன்னலருகே ஒரு நாற்காலி. அவர் வரைந்ததும் எழுதியதும் மேசையில் அன்று, மடிமேல் சாய்த்துவைத்த வரைபலகையில். கைக்கெட்டும் தொலைவில் தூரிகைகள், வண்ணக் குப்பிகள், பேனாக்கள், சுற்றிலும் தரைவரை வழிந்த புத்தகங்கள், ஒரு பியானோ. உதவியாளர் எவரையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. தொலைபேசி ஒலித்தால் தாமே எடுப்பார். அழைப்புமணி ஒலித்தால் ஆறடிக்கு மேற்பட்ட அந்த உருவமே வந்து கதவைத் திறக்கும். கடிதங்களுக்குத் தம் கையாலேயே மறுமொழி எழுதுவார்.

திரைக்கதைக்கு அவர் பயன்படுத்தியது வணிகர்கள் கணக்கெழுதும் சிவப்புத் துணி அட்டைப் பேரேடு. வங்கத்தில் அதனைக் ‘கேரோர் காத்தா’ என்பர். உரையாடல், காட்சிப் படம், ஆடையின் வடிவம், அரங்கின் அளவு, இசைக்குறிப்பு அனைத்தும் அதில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். படத்தின் சுவரொட்டியும் பெயரெழுத்தும் அதே பலகையில் பிறந்தன. 1961 முதல் தம் படங்களுக்குத் தாமே இசையமைத்தார். அதே ஆண்டில் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து பாட்டனாரின் ‘சந்தேஷ்’ இதழுக்கு மறுபடி உயிரூட்டினார். அதற்குக் கதை எழுதி, படம் வரைந்து, அட்டையும் அமைத்தார். நடிகர் சௌமித்ர சட்டர்ஜியும் நிர்மால்ய ஆச்சார்யாவும் நடத்திய ‘எக்ஷண்’ என்னும் சிற்றிதழுக்கு அவர் வரைந்த அட்டைகளை நம்மவர் அவசியம் காணவேண்டும். பெயரிலுள்ள மூன்றே எழுத்துகளை இதழ்தோறும் வேறுவேறாக எழுதிக்காட்டினார். ரோமன் எழுத்திலும் புதிய அச்சுருக்களை வடிவமைத்தார். அவற்றுள் ஒன்று ‘ரே ரோமன்’ என்றே வழங்குகிறது. நம் பாலசரஸ்வதியைப் பற்றி 1976-இல் அவர் எடுத்த ஆவணப்படம் தமிழர்க்குக் கிடைத்த பேறு.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த நாற்காலி அசையாமலிருக்க, வீட்டில் மற்றொருவர் அசைந்துகொண்டே இருந்தார். மனைவி பிஜோயா திருமணத்துக்கு முன்பே திரைப்படத்தில் நடித்தவர், பாடத்தெரிந்தவர். நகைகளைத் தந்தவர் மட்டுமல்லர். அப்புவாக நடிக்கச் சிறுவன் கிடைக்காமல் அலைந்தபோது அண்டைவீட்டுப் பிள்ளையைக் கண்டு சொன்னவரும் அவரே. கணவரின் எழுத்தை முதலில் படித்தவரும் அவர். தம் நினைவுகளை அவர் நூலாக எழுதியது கணவர் மறைந்த பிறகுதான். நம் வட்டத்துப் பெண் கவிஞர்கள் வீட்டில் எந்த இடத்தில், எந்த நேரத்தில் எழுதுகிறார்கள் என்பதை நான் அறிவேன். ஆகவே ரேயின் அறையை வியக்கும்போது அடுத்த அறையையும் எட்டிப்பார்க்கிறேன்.

1983-இல் ‘கரே பாயிரே’ படப்பணியின் நடுவே மாரடைப்பு வந்தது. மகன் சந்தீப் எஞ்சிய வேலையை முடித்தார். மருத்துவர்களின் தடையால் சில ஆண்டுகள் கதைப்படம் எதுவும் இயக்க இயலவில்லை. அந்நாள்களில் பலகை மட்டும் ஓயவில்லை. துப்பறியும் ஃபெலுதாவும் விஞ்ஞானி ஷோங்குவும் அதன்மேல் தொடர்ந்து உலவினர். 1989 முதல் 1991 வரை மூன்று படங்களை, பெரும்பாலும் அரங்குகளுக்குள்ளேயே எடுத்தார். 1992-இல் பாரத ரத்னாவும் ஆஸ்கர் சிறப்பு விருதும் மருத்துவமனைப் படுக்கையைத் தேடி வந்தன. ஏப்ரல் 23 அன்று காலமானார். எழுதி முடித்து, படமாக்க முடியாமல் அவர் விட்டுச்சென்ற ‘உத்தரண்’ திரைக்கதையை 1994-இல் சந்தீப் படமாக்கினார்.